அண்ணன் ஜெயித்த போட்டி

எண்பதுகளின் கடைசியில், ஈப்போவில் நடந்தது இது. உங்கள் பெரியப்பாவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, அப்போது வயது ஐம்பத்தெட்டு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, ஆறு வருஷமாக டயாலிசிஸில் இருந்தார். வாரத்தில் மூன்று நாள் லகாட்டிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நான்தான் கூட்டிப் போவேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன லோரிக்காரர். முப்பது வயசு இருக்கும். தோட்டத்தில் பிறந்தவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். மெஷினில் போடுவதற்கு முன்னால் மிசி, அதுதான் நர்ஸ், வந்து பிரஷர் பார்ப்பார். அதில் இவர்கள் இருவருக்கும் ஒரு போட்டி. யாருக்குக் கூடுதலோ அவர் மற்றவருக்கு அரை கப் கோப்பி வாங்கித் தர வேண்டும். அரை கப்தான், அவர்களுக்குத் தண்ணீர்கூட அளந்துதானே குடிக்க வேண்டும்.

முதல் வருஷங்களில் அண்ணனுக்கு நூற்றெண்பதுக்குக் கீழே இறங்கவே இறங்காது. பிறகு மெல்ல இறங்கியது. டாக்டர் பிரஷர் மாத்திரையை நிறுத்திய பிறகும் இறங்கி நூற்றுப் பத்துக்கு வந்தது. லோரிக்காரருக்கோ நூற்றுத் தொண்ணூறு.

"என்னா தம்பி, கிழவன் நான் பாஸாயிட்டேன், நீ இன்னும் பெயிலா?"

"மிசிக்கு ஏதோ வாங்கிக் குடுக்கிறீங்க லா அண்ணே. எனக்கும் அத சொல்லுங்க."

நான் கோயிலுக்குப் போய் அர்ச்சனையே செய்துவிட்டு வந்தேன்.

ஆனால் வீட்டில் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தால் கை சுவரைத் தேடும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். "மிசிகிட்ட சொல்லிடாதடா, வார்டுல படுக்க வச்சிருவாங்க" என்பார். மிசி "மயக்கம் வருதா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நானும் இல்லை என்று தலையாட்டுவேன். பிரஷர்தான் நன்றாக இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் மெஷின் முடிந்து வரும்போது, பஸ் ஸ்டாண்டில் என் தோளைப் பிடித்தபடியே சரிந்தார். இரண்டு நாள்தான் இருந்தார்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "சின்ன வயசுல பிரஷர் ஏறினா பயப்படுவோம். வயசாகி, வருஷக்கணக்கா மெஷின்ல இருக்கிறவங்களுக்கு அது தானா இறங்கினா, சில பேருக்கு இதயம் களைச்சுப் போச்சுன்னு அர்த்தம். மயக்கத்தைச் சொல்லியிருந்தா அப்பவே பார்த்திருப்போம்." பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கருமாதி அன்று லோரிக்காரர் வந்தார். படையலில், அண்ணன் படத்துக்கு முன்னால், அரை கப் கோப்பியை வைத்தார். "கடைசி நாளும் அண்ணன்தான் ஜெயிச்சாரு" என்று மட்டும் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகளே, அன்று ஆட்டிய தலை எனக்கு இன்னும் நிமிரவில்லை. எனக்கும் ஒரு நாள் இப்படி வந்தால், நான் எவ்வளவு கெஞ்சினாலும் எனக்காக நீங்கள் தலையாட்டிவிடாதீர்கள்.