யாரைக் கேட்டு எட்டு மணி வைத்தீர்கள்?

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் காசநோய் கிளினிக் ஒன்றில் பல வருடங்கள் தாதியாக, ஊர் வழக்கில் 'மிஸ்ஸி'யாக, வேலை பார்த்தேன். நோயாளிகள் தினமும் காலையில் வந்து என் மேசைக்கு முன்னால் மாத்திரைகளை விழுங்க வேண்டும். நான் பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் இப்படி. தொடர்ந்து வராதவர்களின் கோப்பில் சிவப்பு மையால் 'சிச்சிர்' என்று எழுதுவேன். தவறி விழுந்தது என்று மலாயில் அர்த்தம். எழுதும்போதெல்லாம் எனக்குள் கோபம் வரும். மருந்து இலவசம், டாக்டர்கள் நல்லவர்கள், வந்து விழுங்கிவிட்டுப் போக இவர்களுக்கு என்ன கேடு என்று நினைப்பேன்.

அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காசநோய், எச்.ஐ.வி. திட்டக் கூட்டங்களுக்கு நோயால் பாதிக்கப்பட்டவர்களையும் அழைக்க வேண்டுமாம். எங்களுக்குக் கிடைத்தவர் கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் பள்ளிச் சீருடை தைத்துக்கொடுக்கும் ஓர் அக்கா. கணவர் இறந்த வருடம் அவருக்கு இரண்டு நோயும் ஒன்றாகத் தெரியவந்தன. காசநோய் முழுக்கக் குணமாகிவிட்டது. எச்.ஐ.வி.க்கு மட்டும் தினமும் மருந்து சாப்பிட்டுக்கொண்டு திடமாக இருந்தார். கூட்டத்தன்று மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறித் தீவுக்கு வந்தார். நிகழ்ச்சி நிரலில் தேநீருக்கு முன் அவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். 'நோயாளியின் அனுபவம்' என்று போட்டிருந்தது. படம் எடுக்க ஆளும் தயாராக இருந்தார்.

அவர் மலாயில்தான் பேசினார். எனக்கு அது தமிழாகவே கேட்டது.

"என் கதையச் சொல்லச் சொல்லித்தான் கூப்பிட்டீங்க. அது எப்ப வேணாலும் சொல்லலாம். இருக்கிற அஞ்சு நிமிஷத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிறேன். காலையில எட்டு மணியிலேருந்து பத்து மணிக்குள்ள வந்து மருந்து சாப்பிடணும்ங்கிறீங்க. பேக்டரி பஸ் அஞ்சரைக்கே வந்துடும். பாசார்ல மீன் வெட்டுறவரு பத்து மணிக்கு நிமிர்ந்து பார்க்க முடியாது. யாரக் கேட்டு எட்டு மணி வச்சீங்க?"

நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த நேரம் இருந்தது, அவ்வளவுதான். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. தேநீர் நேரத்தில் நேராக அவரிடம் போய், "நாங்க எவ்ளோ கஷ்டப்படறோம்னு உங்களுக்குத் தெரியாதுக்கா" என்று ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. வராம போனவங்ககிட்ட ஏன் வரலன்னு கேட்டீங்களா?"

"போன் பண்ணா எடுக்கிறதில்ல."

"போன் எடுக்காட்டி என்ன, வீடு இருக்குமே லா."

என் மனத்தில் அப்போது ஓர் ஆள் இருந்தார். தீவில் பேக்டரி வேலை. இரண்டு வாரம் ஒழுங்காக வந்தவர், மருந்தை நிறுத்திவிட்டு நிபோங் திபாலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சுகாதார வேனை அனுப்பியிருந்தேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அவரைப் பார்க்க அக்காவையும் கூட்டிப்போகப் பெரிய டாக்டர் அனுமதி தந்தார். நோயாளிகளைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்திட்டு அக்கா தொண்டராகச் சேர்ந்தார். ஒரு சனிக்கிழமை இருவரும் புறப்பட்டோம்.

"யூனிபோர்ம் வேணாம். வேனும் வேணாம். அதுல இருக்கிற எழுத்த அந்தத் தாமான்ல அத்தன வீடும் படிச்சிரும். உங்க கெரெத்தாவுல போவோம்" என்றார். வண்டியைக் கடை வரிசையில் நிறுத்தச் சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி என் கையில் கொடுத்தார். தெருமுனையில் நின்றுகொண்டார். "அவரு சரின்னாத்தான் நான் வருவேன்."

அந்த அண்ணன் முகக்கவசத்தோடு கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார்.

"நான் வரமாட்டேன் மிஸ்ஸி. உங்க வேன் வந்துட்டுப் போன மறுநாள்லேருந்து என் தங்கச்சி பிள்ளைங்களோட யாரும் வெளையாடறதில்ல."

அந்த வேனை அனுப்பியவளே நான்தானே. பிறகு மெல்லச் சொன்னேன். "உங்களுக்கு வந்த நோய் வந்து குணமான ஒரு அக்கா வெளியில நிக்கிறாங்க. வரச் சொல்லட்டுமா?" வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, சரியென்று தலையசைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் காற்றோட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அக்கா அவருக்குப் புத்தி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன்னைப் பற்றித்தான் பேசினார்.

"மருந்து ஆரம்பிச்ச மொத நாள், ஒண்ணுக்குப் போனா சிராப் தண்ணி மாதிரி செவப்பா வருது. என் கத முடிஞ்சுதுன்னு நெனச்சு பாத்ரூம்லயே உக்காந்து அழுதேன்."

அந்த அண்ணன் நிமிர்ந்தார். "உங்களுக்குமா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் போகும். மருந்தோட கலர் அது. ரத்தம் இல்ல."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய அப்பா சிறுநீரகம் கெட்டுத்தான் இறந்தாராம். மருந்து தன் சிறுநீரகத்தையும் அரிக்கிறது என்று பயந்து நிறுத்தியிருக்கிறார். பெண்களிடம் சொல்லக் கூச்சம். சிறுநீரின் நிறம் மாறும் என்ற விவரம் நான் அவர் கையில் திணித்த தாளில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், மலாயில். தமிழ் ஆரம்பப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் அவர். அந்தத் தாள் அவரிடம் பேசவே இல்லை.

திரும்பும் வழியில் அக்கா கேட்டார். "அவரு சிச்சிர் இல்ல மிஸ்ஸி. பயந்துட்டாரு. அத எழுத உங்க பைல்ல எடம் இருக்கா?"

இடம் இல்லை. சிச்சிருக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

அந்த அண்ணன் மறுவாரமே நிபோங் திபால் கிளினிக்கில் பரிசோதனைகள் செய்து மருந்தை மறுபடி தொடங்கினார். அக்கா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். மாலையிலும் கிளினிக் திறக்க வேண்டும் என்றார். ஆள் இல்லை என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். அதற்கடுத்ததிலும் கேட்டார். கடைசியில் வாரத்தில் மூன்று நாள் மாலை ஏழு மணிவரை திறந்தோம். வர முடியாத நாட்களில் போன் கேமராவுக்கு முன்னால் மருந்து சாப்பிட்டு அனுப்பலாம் என்பதும் அவர் யோசனைதான்.

தகவல் தாளைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அக்கா ஐந்து நோயாளிகளைக் கூட்டிவந்து மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். 'நீங்கள் பயப்படத் தேவையில்லை' என்ற என் முதல் வரியை அவர்கள் ஒரே குரலில் அடிக்கச் சொன்னார்கள். ஓர் அம்மா சொன்னார்: "பயம் வரும்னு எழுதுங்க. வந்தா யாருக்குப் போன் பண்ணணும்னு எழுதுங்க." அப்படியே எழுதினேன். இருபது வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றாத வரி அது.

வெளியே வந்து பேசியதற்கு அக்கா கொடுத்த விலை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவர் முகம் ஒருமுறை டிவியில் வந்ததும், வழக்கமாகத் தைக்கக் கொடுப்பவர்களில் சிலர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். ஃபெரிக்காகக் காத்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்.

"வருத்தமா இல்லையாக்கா?"

"இல்லாமயா? ரெண்டு நாள் மெஷின் பக்கமே போகல. மூணாவது நாள் பக்கத்து தாமான்லேருந்து ஒரு மலாய்க்கார அம்மா வந்து, டிவில பார்த்தேன், என் மகனுக்குத் தைச்சுக் குடுங்கன்னாங்க. எழுந்து தைச்சேன்."

என்னால் அந்த இரண்டு நாட்களைத் தாண்டியிருக்க முடியுமா என்று இன்றும் தெரியவில்லை.

நிபோங் திபால் அண்ணன் குணமாகித் தீவு வேலைக்கே திரும்பினார். அக்காவின் அழைப்பில் ஒரு கூட்டத்துக்கும் வந்தார். முதலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். போன் கேமரா முறையை எல்லாரும் புகழ்ந்துகொண்டிருந்தபோது கையைத் தூக்கினார்.

"பேக்டரி ஹாஸ்டல் ரூம்ல நாங்க ஆறு பேரு. அவங்க முன்னாடி எப்படி மருந்தக் காட்டி வீடியோ எடுக்கிறது? எங்களுக்கு இது சரிப்படாது."

அந்த யோசனை யாருடையது என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, நான் தனி வீட்டுல இருக்கிறவ. அது எனக்குத் தோணலையே. மிஸ்ஸி, அண்ணன் சொல்றத எழுதிக்குங்க."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்து நகர்த்தி, மேசையருகே அவருக்கு இடம் விட்டார்.