படிக்காத சேதி இருக்கும்வரை

குருசாமி அண்ணாச்சி இறந்த செய்தி காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. கூப்பிட்டவன் அவருடைய மகன் கதிரேசன். "அத்தை, அப்பா போயிட்டாக" என்றான். அவன் "ஓவர்" என்று சொன்ன பிறகுதான் நான் பேச வேண்டும் என்பதுபோலக் காத்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டோடு அத்தனை வருடம் ரேடியோவில் பேசிப் பழகிய பழக்கம் அது. பிறகு இணைப்பு அறுந்தது. வாயில் பற்பசை நுரையோடு அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அண்ணாச்சியை நேரில் பார்த்ததில்லை. குரல் தெரியும், எழுத்து தெரியும். சிவகாசியில் லேபிள் அச்சகம் வைத்திருந்தவர். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டு மாடியில் கம்பம் நட்டு, ஹாம் ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசியவர். அதோடு ஒரு புல்லட்டின் போர்டும் நடத்தினார். இளையவர்களுக்காக ஒரு வார்த்தை: இன்டர்நெட் எங்கள் ஊருக்கு வருவதற்கு முந்தின ஏற்பாடு அது. ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரோடு மற்றவர்கள் போன் வழியாகவோ ரேடியோ வழியாகவோ இணைந்து, சேதி எழுதி வைத்துவிட்டு, இருப்பதைப் படித்துவிட்டுப் போகலாம். ஊர்ப் பொதுக் கரும்பலகை மாதிரி. என்ன, ஒரு நேரத்தில் ஒரே ஒருவர்தான் அதன் முன்னால் நிற்க முடியும்.

நான் அப்போது தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தேன். ஒரு பட்டாசுக் கடையின் எண்ணும் அண்ணாச்சி வீட்டு எண்ணும் கடைசி இலக்கத்தில் மட்டும்தான் வேறுபடும். தீபாவளி சீசனில் ஆர்டர் சொல்ல அவசரமாகச் சுழற்றியவர்கள் தவறிப்போய் அண்ணாச்சி வீட்டில் விழுந்து, காதைக் கிழிக்கும் கீச்சொலியைக் கேட்டுப் பயந்து போனார்கள். போனுக்குள் பிசாசு ஊளையிடுகிறது என்று எழுத்திலேயே ஒருவர் புகார் கொடுத்திருந்தார். பிசாசைப் பிடிக்க லைன்மேனையும் கூட்டிக்கொண்டு விஸ்வநத்தம் ரோட்டிலிருந்த அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி கதவைத் திறந்து, நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அது பழுது இல்ல தங்கச்சி, பேச்சு" என்றார்.

இரண்டு கம்ப்யூட்டர்கள் போனில் பேசிக்கொள்ளும்போது அப்படித்தான் கேட்குமாம். அப்படி என்னதான் பேசுகின்றன என்று கேட்டேன். திரையைக் காட்டினார். அச்சங்குளத்துப் பட்டாசு கம்பெனிக் கணக்கர் ஒருவர், பச்சை நிற மத்தாப்பைவிட நீல நிற மத்தாப்பு செய்வது ஏன் கஷ்டம் என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் எனக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. லைன்மேன் கிளம்பிப் போய்விட்டார். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கேயே இருந்துவிட்டேன். அடுத்த வருடம் நானும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன். ஹாம் ரேடியோவில் பெண் என்றால் எந்த வயதிலும் 'யங் லேடி'தான் என்று அவர் சொன்னதும் அதற்கு ஒரு காரணம்.

போர்டில் அவருக்குச் செல்லமான பகுதி 'ஏன்'. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்போது தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். 'en' என்று தலைப்பு வைத்தார். பாதிப் பேர் அதை 'என்' என்று படித்து, என் பெயர் இன்னது, என் ஊர் இன்னது என்று எழுத ஆரம்பித்தார்கள். மாற்றுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் மாற்றவில்லை. "நான் யாருன்னு சொல்றதும் பெரிய கேள்விதான, கெடக்கட்டும்" என்றார்.

இன்னொரு கூத்து. மதுரைக்காரர் ஒருவர், அம்மாவுக்கு மூச்சுத் திணறலுக்கான மருந்து கிடைக்கவில்லை என்று எழுதத் தொடங்கி, பாதியில் லைன் அறுந்துபோய்விட்டது. 'அவசரமாக மருந்து வேண்டும், சிவகாசியில் கிடைக்குமா' என்ற வரி மட்டும் போர்டில் நின்றது. எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். அச்சங்குளத்துக் கணக்கர் கடுங்கோபத்தில், லைசென்ஸ் இல்லாதவருக்கு மருந்து கொடுத்தால் உள்ளே போக வேண்டியதுதான், இப்படிப் பகிரங்கமாகக் கேட்கிறீரே, வெட்கமில்லையா என்று வறுத்தெடுத்துவிட்டார். மதுரைக்காரர் பயந்துபோய் ரொம்ப நாள் போர்டுப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு 'தின்கிற மருந்து', 'வெடிக்கிற மருந்து' என்று பிரித்து எழுத வேண்டும் என்று அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டார். அம்மாவுக்கான மருந்தையும் அவரே கேரளத்து ரேடியோ நண்பர் ஒருவர் மூலம் விசாரித்து வாங்கி அனுப்பினார்.

இந்த மருந்தினாலேயே போர்டுக்கு ஒருமுறை கண்டமும் வந்தது. தெருக்கோடியில் குடியிருந்த ஒரு ஃபோர்மேன், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர், கம்பத்தைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். அதிலிருந்து வரும் அலை மருந்தில் பட்டுத் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் முணுமுணுத்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. "நமக்கு மட்டும் தெரியுமாக்கும்? பதில் தெரியிற வரைக்கும் அவுக பயந்தான் சரி" என்றார். அன்றே கம்பத்திலிருந்து வயரைக் கழற்றினார். பல ஊர் ரேடியோக்காரர்களுக்கும் ஒரு ரசாயனப் பேராசிரியருக்கும் எழுதிக் கேட்டார். நம்முடைய சின்ன சக்திக்கு அந்தத் தூரத்தில் ஆபத்தில்லை, மின்சாரத்தால் பற்றவைக்கிற வெடி இருக்கும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும் என்று தெரிந்த பிறகுதான், அதை ஃபோர்மேனுக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்லிவிட்டு, வயரை மாட்டினார். அப்போதும் ஆலைகளில் வேலை நடக்கும் நேரத்தில் ரேடியோவில் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டார். கடைசிவரை அப்படித்தான் இருந்தார்.

ரேடியோப் பேச்சு வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. ரேடியோவில் 'ஓவர்' என்றால் நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்று அர்த்தம். அண்ணாச்சியின் மனைவி முத்துலட்சுமி மதினிக்கு, நம் எல்லோருக்கும் போல, ஓவர் என்றால் அதிகம். ஒருநாள் சாப்பிடும்போது அண்ணாச்சி வாய்தவறி, "உப்பு, ஓவர்" என்றிருக்கிறார். உப்பை எடுத்து வை என்று அர்த்தம். மதினி உப்பு கூடிவிட்டது என்று நினைத்து மறுநாள் குறைத்தார். இவர் மறுபடி "உப்பு, ஓவர்" என்றார். மதினி இன்னும் குறைத்தார். சுத்தமாக உப்பில்லாத குழம்பு வந்த பிறகுதான் இருவரும் உட்கார்ந்து பேசி விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். மாடிக்குக் கீழே நின்று "சாப்பிட வாங்க" என்று மதினி கூப்பிடுவதும், மேலேயிருந்து "வாரேன், ஓவர்" என்று இவர் சொல்வதும், சொன்னவர் இறங்கி வராமலிருப்பதும் அந்த வீட்டின் அன்றாடம்.

செல்போன் வந்த பிறகு போன் வழியாக யாரும் வரவில்லை. ரேடியோ வழியாக மட்டும் போர்டு ஓடியது. அப்போதுதான் மன்னார்க்காரர் வந்தார். வெயில் காலத்தில் சில நாட்களில் கடலுக்கு மேலே சூடான காற்று ஒரு போர்வை மாதிரி படியும். நேரே வானத்துக்குப் போய்விட வேண்டிய அலை அதற்கடியில் வழுக்கிக்கொண்டே வெகுதூரம் வந்துவிடும். அப்படி ஒரு விடியற்காலையில் கடலுக்கு அக்கரையில், இலங்கை மன்னாரிலிருந்து ஒருவர் எங்கள் போர்டில் இணைந்து, 'ஏன்' பகுதியில் ஒரு கேள்வி எழுதிவிட்டுப் போனார். உங்கட ஊரில வெடி செய்யிற ஆக்கள் தீபாவளிக்கு என்ன செய்வினம், அவையும் வெடி கொளுத்துவினமோ என்று.

அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். பட்டாசு ஆலையில் திரி வெட்டும் ஒரு அம்மா, "தீவாளிக்கா? தூங்குவோம்" என்றார். அதை அப்படியே எழுதிப் போட்டார். ஆனால் அதற்குள் காற்று மாறிவிட்டது. மன்னார்க்காரர் வரவில்லை. அந்த வருடம் மின்வெட்டு மோசமாக இருந்தது. கொஞ்ச நாள் போர்டை நிறுத்தி வைப்போமே என்றேன்.

"படிக்காத சேதி ஒண்ணு கெடந்தாலும் போர்டை அணைக்கக் கூடாது. எழுதினவன் இன்னும் பேசிக்கிட்டிருக்கான்னு அர்த்தம்" என்றார்.

லாரி பேட்டரி வாங்கி வைத்தார். ஒரு கம்ப்யூட்டர் செத்து வேறு கம்ப்யூட்டர் வந்தபோதும் அந்தச் சேதியைப் பத்திரமாகக் கூடவே கொண்டுபோனார். அடுத்த வெயில் காலத்தில் ஒருநாள் மன்னார்க்காரர் இணைந்தார், படித்தார். 'நல்லாய் நித்திரை கொள்ளட்டும்' என்று எழுதிவிட்டுப் போனார். அண்ணாச்சி எனக்குப் போன் செய்து அதை மூன்று தடவை படித்துக் காட்டினார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கதிரேசன் என்னை மாடிக்குக் கூப்பிட்டான். அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், கம்பத்தை இறக்கிவிட வேண்டும், போர்டை நீங்களே முறைப்படி அணைத்துவிடுங்கள் அத்தை என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உரிமத்தோடு அண்ணாச்சிக்குக் கொடுத்த அழைப்புக்குறியில் இனி யாரும் பேசவும் கூடாது, அதுதான் சட்டம். என்னுடைய குறியில்தான் போர்டைத் திறந்தேன். ஏதாவது ஒரு சேதி படிக்காமல் கிடக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே தேடினேன். ஒன்றுகூட இல்லை. எல்லோரும் எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தார்கள்.

மதினி மாடிக்கு ஏறி வந்திருந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"எல்லாம் படிச்சாச்சா விமலா?" என்றார்.

ஆச்சு மதினி என்றேன். கதிரேசன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றான். மதினி திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, அவுகளுக்கு இதில் ஒரு சேதி போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லி, அண்ணாச்சியின் பெயருக்கு ஒரு சேதியைத் திறந்தேன்.

"'சாப்பிட வாங்க'ன்னு போடு" என்றார்.

போட்டேன். வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"கடைசியில ஓவர் போட்டுரு. அவுக படிக்கட்டும், பெறகு அணைப்போம்."

கதிரேசன் சுவிட்சுப் பக்கமிருந்து நகர்ந்து, ஜன்னலோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மதினி சென்னைக்குப் போகவில்லை. நான் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அண்ணாச்சியின் ரேடியோவையோ மைக்கையோ நான் கேட்டு வாங்கவில்லை. அவருடைய விதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இனி நீங்கள் போர்டில் இணைந்தால் முதல் வரியில் என் அழைப்புக்குறி இருக்கும். இரண்டாவது வரியில், படிக்காத சேதி ஒன்று என்றிருக்கும்.