லேமினேஷன் போட்ட கார்டு

சூரமங்கலத்தில் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் அர்பாஸுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். அன்று கேம் மெஷினோடு இணைத்திருந்த கார்டு ரீடரில் ஒரு கேம் கார்டைச் செருகினான். அது உள்ளே போனால்தான் கேமில் ஒளிந்திருக்கும் வாள்வீரன் வெளியே வருவான். போகவில்லை, ஓரம் இடித்தது. வீணாகிவிடக் கூடாதே என்று ரேஷன் கார்டோடு சேர்த்து அதற்கும் லேமினேஷன் போட்டிருந்தாள் அவன் மனைவி ஷாஹிஸ்தா.

"உன்னை எவன்டி போடச் சொன்னான்?"

கடையில் பக்கத்தில் நின்றவளைப் பளாரென்று அறைந்தான். ஆத்திரம் அடங்காமல் ஜாய்ஸ்டிக்கை வீசினான். அவள் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

அவள் கத்தரிக்கோலை எடுத்து பிளாஸ்டிக் ஓரத்தை நறுக்கி, கார்டை ரீடருக்குள் தள்ளினாள். திரையில் வாள்வீரன் எழுந்து நின்றான்.

"வந்துட்டான் பாருங்க. இனி அடிக்கணும்னா அவனை அடிங்க," என்றாள்.

கத்தரிக்கோலை மட்டும் அவள் கீழே வைக்கவேயில்லை.