என் முடியை அடையாளம் கண்டது

புற்றுநோய் சிகிச்சை முடிந்து முளைத்த முடி என்னுடையது மாதிரியே இல்லை. முன்பு நேராக, வழுவழுவென்று இருந்தது, இப்போது தேங்காய் நார் போலச் சுருண்டு, சீப்பை உள்ளே விட மறுத்தது. உயிர் பிழைத்தவள் முடிக்காகக் குறைப்படுவதா என்று கூச்சமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனார் கவனித்துவிட்டாள். ஷாம்பு, கண்டிஷனர் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் தயாரிக்கும் சின்ன ஆய்வகம் ஒன்றில், அடையாறில், அவளுக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூருக்கு வந்தவள் என் சீப்பில் சிக்கியிருந்த முடிகளைக் கவரில் போட்டுக்கொண்டு போனாள். சில நாளில் என்னையே வரச் சொன்னாள்.

போனதும் விஷயத்தை விளக்கினாள். மனித முடியிலுள்ள புரதத்தைக் கோழிக்குத் துளியளவு ஊசி போடுவார்களாம். அதன் உடம்பு, வேற்று ஆள் நுழைந்துவிட்டான் என்று நினைத்து, அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை உண்டாக்குமாம். குஞ்சுக்குக் காவலாக அவை முட்டையின் மஞ்சள் கருவிலும் போய்ச் சேருமாம். அவற்றைப் பிரித்தெடுத்துக் கண்டிஷனரில் கலந்தால், முடியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொண்டு, அதன் சொரசொரப்பை மூடுமாம்.

முட்டையா என்று முகம் சுளித்தேன். எங்கள் சமையலறைக்குள் முட்டை வந்ததே கிடையாது.

"ஆஸ்பத்திரியில உங்களுக்கு மாசக்கணக்கா ஏத்தினாளே மன்னி, அதுவும் ஆன்டிபாடிதான்," என்றாள். "அது தேடிண்டு போனது கேன்சர் செல்லை. இது தேடறது முடியை."

தேனாம்பேட்டை மருத்துவமனையில், தலைமாட்டில் தொங்கிய பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியதைப் பார்த்தபடி படுத்திருந்திருக்கிறேன். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

அறை விளக்கை அணைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். முதலில் வைத்த முடிக்கு, அதோடு சம்பந்தமில்லாத ஒரு ஆன்டிபாடியைப் பூசியிருந்தாளாம். ஒன்றுமே தெரியவில்லை, வெறும் இருட்டு. அடுத்ததும் என் முடிதான், இதற்குத்தான் கோழியின் ஆன்டிபாடி. இரண்டுக்கும் ஒரே ஒளிரும் சாயம் சேர்த்துப் பூசி, ஒரே மாதிரி ஷாம்பு போட்டு அலசியிருந்தாள்.

இருட்டின் நடுவே ஒரு பச்சைக் கோடு ஓடியது. கண் பழகப் பழக, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விளிம்புகள் தெரிந்தன. செதில் பிய்ந்து தூக்கிக்கொண்டிருந்த இடங்களில் பச்சை இன்னும் அடர்ந்திருந்தது. என்னை ஒரு நாளும் பார்த்திராத கோழி. அதன் உடம்பில் உண்டான ஒன்று, அத்தனை தண்ணீரிலும் அடித்துப் போகாமல், என் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அழறேளா மன்னி?"

"இல்லைடி. கொஞ்ச நாழி பாத்துண்டிருக்கேன், விளக்கைப் போடாதே."

மறுமாதம், சோதனைகளெல்லாம் முடிந்த அந்தக் கண்டிஷனரில் ஒரு சாம்பிள் பாட்டிலைக் கொடுத்தாள். முடி ஒன்றும் நேராகிவிடவில்லை. சீப்பு முன்னைவிடச் சுலபமாக இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் தலையை அலசும்போது என் கை தானாகவே மெதுவாகிவிடுகிறது. குளியலறையில் அவ்வளவு நேரம் என்ன செய்கிறாய் என்று என் கணவர் கதவைத் தட்டுகிறார்.