நீக்கிவிட்டு அனுமதி கேட்டவர்

பேக்கப்பிலிருந்து மீட்ட சர்வரில் எதை மாற்றுவதானாலும், தலைமை அலுவலகத்தின் முன் அனுமதியை அலுவலக மின்னஞ்சலில் பெற வேண்டும் என்பது விதி. நெட் வராத அலுவலகம் மின்னஞ்சலை எப்படி அனுப்பும் என்பதற்கு விதி இல்லை.

கறம்பக்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம். சம்பா நெல்லுக்குக் காப்பீடு பதிய அன்று கடைசி நாள். நெட் வராமல் நகராத வரிசையில் ஓய்வுபெற்ற நானும் நின்றேன். பழுது பார்க்க வந்த பெண், கழற்றிய கேபிளையெல்லாம் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டே வேலை செய்தார்.

“எரிஞ்ச நெட்வொர்க் கார்டுக்குப் பதிலா புதுசு போட்டாச்சுங்க. ஆனா பேக்கப்புலேர்ந்து மீட்டதுல பழசோட பதிவு இன்னும் இருக்கு. அதோட ஐ.பி. நம்பரைப் புதுசுக்கு விடமாட்டேங்குது.”

பழையதன் பதிவை நீக்கினார். நெட் வந்தது, வரிசை நகர்ந்தது. உடனே அனுமதி கேட்டு எழுதினார், நீக்கிய பிறகே கேட்பதாக உள்ளபடியே.

“கேட்டுட்டு நீக்குனதா எழுதும்மா. வேலை போயிரும்,” என்றேன்.

“போனாப் போகட்டும் சார். மாத்தி எழுதினா, சர்வர்ல பதிஞ்ச நேரத்தோட ஒத்துவராது; அடுத்து பழுது பாக்க வாரவுக கொழம்பிருவாக.”

முகம் தெரியாத ஒருவரின் குழப்பம், தன் வேலையைவிட அவருக்கு ஏன் பெரிதாயிற்று என்று இன்றும் யோசிக்கிறேன். சங்கச் செயலாளர் பின்னர் சொன்னார்: நாங்கள் பதிந்த நெல் அறுவடைக்கு நின்றபோது, முன் அனுமதி வழங்கப்படுவதாகப் பதில் வந்ததாம், போகியன்று.