கண்ணாடிப் படகின் மாப்பிள்ளை

படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது என் வேலை. டிக்கெட்டம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். என் ஜன்னலுக்கு எதிரே கண்ணாடிப் படகு நிற்கும். அடித்தளத்தில் அகலமாகக் கண்ணாடி பதித்த படகு அது. பவளப்பாறைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே கடலடியைக் குனிந்து பார்க்கலாம். அதை ஓட்டுகிறவருக்குக் ‘கண்ணாடி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் மட்டும் அண்ணே என்று கூப்பிடுவேன்.

மனைவி இறந்த பிறகு ஐஸ் பேக்டரி மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். “சாப்டியாப்பா?” “சாப்டேன்.” “உடம்பு?” “இருக்கு.” அவ்வளவுதான் பேச்சு. மருமகன் முகத்தைக் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. ஒருமுறை காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று கஞ்சி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கொடியில் ஒரு சட்டை, கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

“ஒரு டிவியாவது வாங்கிப் போடுங்கண்ணே, வீட்ல பேச்சுக்குரல் கேக்கும்” என்றேன்.

“பேச ஆள் இருக்கு. கடல்ல” என்றார்.

காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்தீர்களானால் தப்பு. பவளப்பாறைக்கு மேலே போனதும் இன்ஜினை அணைப்பார்; பையிலிருந்து பன்னை எடுத்துப் பிய்த்துப் போடுவார். மீன்கள் மொய்த்துக்கொண்டு வரும், பயணிகள் கைதட்டுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு கிழட்டுக் கிளிமீன்தான் தலைவர். பச்சையும் நீலமுமாக உடம்பு, கிளி மூக்குப் போல வாய், தூண்டில் கிழித்த உதடு. அண்ணன் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

“வந்துட்டாருய்யா! வேலை வெட்டி கிடையாது, சாப்பாட்டு நேரம் மட்டும் தவறாது. வாங்க மாப்பிள்ளை, கூச்சப்படாம சாப்பிடுங்க” என்பார். படகே சிரிக்கும்.

பயணி இல்லாத நாளிலும் டீசலை எரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நான் கத்துவேன். “எனக்குன்னு காத்துக்கிட்டிருக்கிறவரு அவரு ஒருத்தர்தானே, எப்படிப் போகாம இருக்கிறது?” என்பார். நான் முனகிக்கொண்டே கயிற்றை அவிழ்த்துவிடுவேன்.

இந்தக் கோடையில் கடல் சூடேறிக் கிடந்தது. கையை விட்டால் குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி இருக்கும். பவளமெல்லாம் வெளுத்துப் போயிற்று. “அடடா, பூ பூத்த மாதிரி இருக்கே!” என்று ஒரு பயணி போட்டோ எடுத்தார். “பூக்கலைங்க, சாகுது” என்று சொல்லிவிட்டு அண்ணன் படகைத் திருப்பிவிட்டார். கொஞ்ச நாளில் அந்த வெள்ளையும் போய், அழுக்குப் பச்சையாகப் பாசி மூடியது.

கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அண்ணன் படகிலேயே போய், மூழ்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கரையேறி என் ஜன்னலோரம் நின்றுதான் அதைச் சொன்னாள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பாறைல பாசி இல்லாம இருந்தாத்தான் புதுப் பவளம் வந்து ஒட்டும். அந்தப் பாசியைச் சுரண்டித் தின்னுறது கிளிமீன்தான். இங்க அதுங்க எல்லாம் உங்க படகு எப்ப வரும்னு காத்துக் கிடக்கு. பன்னு தின்னு வயிறு நிறைஞ்சா பாசியை யாரு மேயுறது?”

“அப்ப நான்தான் கொல்றேங்கிறியா?”

“கொன்னது சூடு. பிழைக்க வழி விடுங்கன்னு கேக்குறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஊர் உலகமெல்லாம் புகையைக் கக்கிச் சூடேத்துது, அதை விட்டுட்டு பன்னு போடுற மனுஷனைப் பிடிச்சுக்கிட்டியாம்மா?” என்று எகிறினேன். பாவம், அவளும் என்ன செய்வாள். அண்ணன் என்னைக் கையமர்த்தினார். “அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லுது” என்று சொல்லிவிட்டு, மற்ற படகுக்காரர்களிடமும் அவரே போய்ப் பேசினார். இனிமேல் யாரும் மீனுக்கு எதையும் போடுவதில்லை என்று முடிவாயிற்று.

மாப்பிள்ளைக்கு யார் சொல்வது? இன்ஜின் சத்தம் கேட்டதும் அது பாட்டுக்கு வந்துவிடும். கண்ணாடிக்குக் கீழே நின்று அந்தக் கிழிந்த உதட்டைத் திறந்து திறந்து மூடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் தனியாகப் போகத் தெம்பில்லை என்று என்னையும் கூப்பிட்டார். படகில் வேறு யாரும் இல்லை. பையில் பன் இருந்தது. கடையைத் தாண்டும்போது கை தானாக வாங்கிவிடுகிறதாம்.

“ஒரே ஒரு துண்டு போடுங்கண்ணே. குடியா முழுகிடப் போகுது?” என்றேன்.

“வாயை மூடு டிக்கெட்டம்மா. இன்னிக்குப் போட்டா நாளைக்கும் வரும். அது என்னை மறக்கணும்.” பன் பையை இறுக்கி முடிச்சுப் போட்டார். “பெத்தது தானாவே மறந்துச்சு. இதுக்கு நான் உக்காந்து சொல்லிக்குடுக்க வேண்டியிருக்கு பாரு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு!

மழை விழுந்து கடல் குளிர்ந்த பிறகு இன்னொரு நாள் போனோம். இன்ஜினை அணைத்தார். கண்ணாடிக்குக் கீழே ஒரு மீன்கூட இல்லை, வெறும் தண்ணீர். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டியிட்டுக் கண்ணாடியில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார்.

கரக், கரக் என்று கல்லைக் கொறிக்கிற சத்தம் கீழேயிருந்து வந்தது. சற்றுத் தள்ளி, பாசி பிடித்த பாறையின் மேல் நீலமாக ஒரு முதுகு தெரிந்தது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

“மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டாரு” என்றார் அண்ணன். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார். நானும் அழுதேன், அதை எதற்கு மறைக்க வேண்டும்?

அன்றைக்கும் பையில் பன் இருந்தது. பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். மீதியை அவர் தின்றார். ஒரு துகள்கூடத் தண்ணீரில் விழக் கூடாதென்று மடியில் துண்டை விரித்துக்கொண்டு தின்றார்.