காற்று நிற்காத பஸ்

அந்த மாரி காலத்தில் பஸ்ஸில் இருந்த பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு விடயம் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பஸ்ஸில் பிறேக்குக்கு வேண்டிய காற்று நிற்பதில்லை. சாரதிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டிப்போவில் இன்னும் இரண்டு மூன்று பேருக்குத் தெரியும். பிள்ளைகள் ஜன்னலில் படிந்த நீராவியில் விரலால் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

நான் அரச பஸ்ஸில் நடத்துநராக வேலை செய்கிறேன். வட்டுக்கோட்டைக்கு அப்பாலுள்ள ஊர்களில் பிள்ளைகளை ஏற்றி, மானிப்பாய் வந்து, கொக்குவில் பக்கம் திரும்பி, ரயில் கடவையைத் தாண்டி, நகரத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிடுகிற காலைச் சேவை என்னுடையது. பிள்ளைகளின் பருவச்சீட்டுக்குப் பெற்றோர் கட்டுவது சிறு பங்குதான். மிச்சத்தை அரசாங்கம் டிப்போவுக்குக் கொடுக்கும். அந்தக் காசு இல்லாவிட்டால் அந்தச் சின்ன ஒழுங்கைகளுக்குள் எந்த பஸ்ஸும் வராது. தனியார் பஸ்காரர் பிரதான வீதியோடு போய்விடுவார்கள்.

காசு கொழும்பிலிருந்து வரவேண்டும். வரும் என்று கடிதம் முதலில் வரும், காசு பல மாதம் கழித்து வரும். அதற்கிடையில் ஏதாவது பழுதானால், டிப்போ வளவின் பின்பக்கம் ஓடாமல் நிற்கிற மூன்று பஸ்களிலிருந்து சாமான் கழற்றிப் பூட்டுவார்கள். எங்கள் பஸ்ஸுக்குத் தேவைப்பட்டது பிறேக்குக்குக் காற்று அடைக்கிற கொம்பிறசர். அந்த மூன்றிலும் அதை எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

சாரதி குருநகரைச் சேர்ந்தவர். தகப்பன், சகோதரங்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அலை ஒத்துக்கொள்ளாமல் இவர் மட்டும் கரையில் நின்றுவிட்டவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் அண்ணை என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். பஸ்ஸை எடுக்கமுதல் சிலுவை போட்டுக்கொள்வது அவருடைய வழக்கம். அந்த மாரியில் ஒவ்வொரு சந்தியிலும் போட்டார்.

அவர்தான் எனக்கு அந்த முள்ளைக் காட்டினார். ஸ்ரியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதற்குள் முள் மேலே நின்றால் காற்று இருக்கிறது, சிவப்புக்கு இறங்கினால் இல்லை.

"ரெண்டு மூண்டு தரம் பிறேக் அமத்தினால் இறங்குது பிள்ளை. பிறகு ஏற நேரமெடுக்குது. நான் காத்து ஏற விட்டு விட்டுத்தான் பிடிக்கிறன்."

"மனேச்சரிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொல்லாமல் என்ன. நீயும் வா, கேள்."

இரண்டு பேருமாகப் போனோம். முகாமையாளர் கெட்ட மனிசன் இல்லை. முகத்தைப் பார்த்தாலே நித்திரை இல்லாதவர் என்று தெரியும். மேசையில் கிடந்த கடிதப் பிரதிகளை எடுத்துக் காட்டினார். கொம்பிறசர் வேண்டுமென்று அவர் எழுதியவை. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

"ஓடாத நாளுக்கு எங்களுக்குக் காசு இல்லை," என்றார். "ஒரு மாதம் ஓடாமல் விட்டால் தேவையில்லாத சேவையெண்டு வெட்டிப்போடுவாங்கள். வெட்டினால் திருப்பி எடுக்கேலாது. உங்களுக்கும் தெரியும்."

"நான் ஏத்துறது பிள்ளையளை ஐயா," என்றார் சாரதி.

"பாத்து மெதுவா ஓடுங்கோ. அடுத்த கிழமை வந்திடும்."

அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

அந்த நாட்களில் காலையில் எனக்குத் தேத்தண்ணிகூட இறங்காது. முன்பெல்லாம் பின்கதவடியில் நின்று சீட்டுப் பார்ப்பேன். இப்போது ஏதாவது சாட்டு வைத்து முன்னுக்குப் போய் அந்த முள்ளைப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்தாலும் பயம், பார்க்காவிட்டாலும் பயம். வீதியில் மாடு நின்றால் என் வலது கால் தானாகத் தரையை அமத்தும். வீட்டில் சமைத்துக்கொண்டு நிற்கும்போதும் அப்படி அமத்துவேன். இதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள், அல்லது ஊருக்குள் கதை போய்விடும். ஊருக்குள் போனால் பெற்றோர் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள், சேவை நின்றுவிடும். நான் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அது ஒரு வியாழக்கிழமை. இரவு முழுக்க மழை பெய்து காலையிலும் விடவில்லை. சைக்கிளில் போகிற பிள்ளைகளும் அன்றைக்கு பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். நிற்க இடமில்லை. ஈரக் குடையும் ஈரச் சப்பாத்தும் சேர்ந்து ஒரு மணம். மானிப்பாய்ச் சந்தியில் ஒரு ஓட்டோ குறுக்கே வந்தது, சாரதி பிறேக் பிடித்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு நாய், திரும்பவும் பிடித்தார். பிறகு ஒரு முதியவர் சைக்கிளோடு தடுமாறினார். நான் நடுவில் பிள்ளைகளுக்குள் நெரிபட்டுக்கொண்டு நின்றதால் முள்ளைப் பார்க்க முடியவில்லை.

கடவைக்கு முன்னால் வீதி ஒரு வளைவு வளைந்து பிறகு நேராகப் போகும். வளைவு தாண்டியதும் மணிச் சத்தம் கேட்டது. சிவப்பு வெளிச்சம் மாறி மாறி மின்னியது. கடவையின் தடை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மழையங்கி போட்ட மோட்டார் சைக்கிள்கள் நெருக்கமாக நின்றன. பலவற்றில் தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சீருடை.

பஸ் வேகம் குறையவில்லை.

சாரதியின் முதுகைப் பார்த்தேன். அவருடைய தோள் ஒரு தரம் இறங்கி எழும்பியது, திரும்பவும் இறங்கியது. பிறேக்கில் கால் போய்ப் போய் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் திரும்பாமலே சொன்னார், சத்தமாகக்கூட இல்லை.

"பிள்ளை, காத்து இல்லை."

பிள்ளைகளைக் கீழே இருக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கைக்கு எட்டிய இரண்டு சின்னப் பிள்ளைகளின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக் கீழே அமத்தினேன். அதற்குப் பிறகுதான், "கம்பியைப் பிடியுங்கோ, கீழை இருங்கோ," என்று என் சத்தம் வந்தது. யாரோ வேறொரு பெண் கத்துவதுபோல எனக்குக் கேட்டது.

சாரதி கியரை இறக்கினார். எஞ்சின் அலறியது. ஹாண்ட் பிறேக்கை இழுத்தார். பஸ் உலுக்கியது, ஆனால் நிற்கவில்லை. மழையங்கி போட்ட ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் இப்போதும் எனக்கு நினைவில் இருக்கிறது. அந்த நேரத்தில் சாரதி ஸ்ரியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தார். முள்ளுக்கம்பி வேலி அறுந்தது. பஸ் ஒரு மரவள்ளித் தோட்டத்துக்குள் இறங்கியது. தடிகள் இரண்டு பக்கமும் முறிந்து ஜன்னலில் அடித்தன. மழையில் ஊறிக் கிடந்த செம்மண் சில்லுகளைப் பிடித்துக்கொண்டது. பஸ் ஒரு பக்கம் சரிந்து, சரிந்தபடி நின்றது.

ரயில் அதற்குப் பிறகுதான் போனது. பஸ்ஸின் கண்ணாடிகள் அதிர்ந்தன. ரயில் போய் முடியும்வரை ஒரு பிள்ளையும் அழவில்லை. முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள்.

பிள்ளைகளை எண்ணினேன். முதல் தரம் ஒரு கணக்கு வந்தது, இரண்டாம் தரம் ஒன்று குறைந்தது. ஒன்று குறைந்தபோது பஸ்ஸுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அந்தக் குனிதலைப்பற்றி எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. குறைந்த பிள்ளை தோட்டக்காரரின் வீட்டு வாசலில் நின்றது, அவர்கள் தலை துடைக்கத் துவாய் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு முன்பல் உடைந்து சட்டையெல்லாம் இரத்தம். இன்னொரு பிள்ளைக்கு மணிக்கட்டு வீங்கியது. அவ்வளவுதான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

சாரதி இருக்கையை விட்டு எழும்பவில்லை. போய்ப் பார்த்தேன். ஸ்ரியரிங்கைப் பிடித்த கையை அவரால் எடுக்க முடியவில்லை. நான்தான் விரல் விரலாகக் கழற்றிவிட்டேன்.

"எல்லாரும் இருக்கினமோ?"

"ஓம் அண்ணை. இருக்கினம்."

"திருப்பி எண்ணு," என்றார்.

விசாரணை வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்கள் இருவரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார். அதற்கு முதல்நாள் சாரதி எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"உனக்குப் பிறேக் விசயம் ஒண்டும் தெரியாதெண்டு எழுது. உன்ரை வேலையாவது மிஞ்சட்டும். நான் ரெண்டு வருசத்திலை பென்சன் போற ஆள்."

"எனக்குத் தெரியும்தானே அண்ணை."

"தெரியுமெண்டால் ஏன் பிள்ளையளை ஏத்தினனி எண்டு கேப்பாங்கள்."

"கேக்கட்டும்," என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அவர் போனபிறகு படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

தெரிந்திருந்தது என்றே எழுதினேன். கொம்பிறசர் கேட்டு அனுப்பிய கடிதங்களைப் பார்த்ததையும் எழுதினேன். என்னை வேலையால் நிறுத்தவில்லை. சாரதியை இனி பஸ் ஓட்டவேண்டாம் என்று சொல்லி டிப்போ படலையில் காவலுக்கு விட்டார்கள். அவர் அதற்குக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பஸ்ஸைத் தோட்டத்திலிருந்து இழுத்துவந்து, ஓடாமல் நின்ற மூன்றோடு நாலாவதாக விட்டார்கள். சேவை நின்றது. நான் உண்மை எழுதியதற்கு முதலில் கிடைத்தது அதுதான்.

மழைக்குள் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக இருந்து போவதைப் பார்த்தேன். ஓட்டோக்களில் ஆறேழு பேராக அடைந்து, கால் வெளியே தொங்கப் போவதைப் பார்த்தேன். அதிலும் ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று நினைத்து நினைத்து இன்னும் பயந்தேன்.

விசாரணை அறிக்கையில் அந்தக் கடிதங்களும் இருந்ததால் சேவையை வெட்டாமல் வைத்திருந்தார்கள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு காசு வந்தது. வேறு மாவட்டத்திலிருந்து திருத்தி எடுத்த ஒரு பஸ்ஸும் வந்தது. முதல்நாள் ஒன்பது பிள்ளைகள் ஏறினார்கள். அடுத்த நாள் ஏழு. முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"மாத முடிவிலை எத்தினை பிள்ளையள் எண்டு கணக்கு அனுப்பவேணும். ஏழு பிள்ளைக்கு ஒரு பஸ்ஸோ எண்டு கேப்பாங்கள். நீ அந்த ஊர்ச் சனத்தைத் தெரிஞ்ச ஆள். ஒருக்காப் போய்க் கதை."

போனேன். வீடு வீடாகப் போனேன். பல்லுடைந்த பிள்ளையின் தாய் கதிரை போட்டு இருக்கச் சொன்னாள். கோபமாகக் கதைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கடை மகள் எதிலை பள்ளிக்கூடம் போறவ அக்கா?"

என் மகள் நகரத்துப் பள்ளிக்கூடத்தில்தான் ஏழாம் வகுப்புப் படித்தாள். எங்கள் பஸ் போகிற வழியில்தான் பள்ளிக்கூடம். ஆனால் அந்த முள்ளைப்பற்றிச் சாரதி எனக்குச் சொன்ன நாளிலிருந்து, நேரம் ஒத்துவரவில்லை என்று ஒரு சாட்டுச் சொல்லி, அவளைத் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் அனுப்பத் தொடங்கியிருந்தேன். மற்றவர்களின் பிள்ளைகளை ஏற்றினேன். என் பிள்ளையை ஏற்றவில்லை. விசாரணையில் இதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அந்தத் தாய்க்கு அதைச் சொன்னேன். முகத்தைப் பார்க்க முடியாமல், கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்றாள்.

திங்கட்கிழமை மகளை டிப்போவுக்கே கூட்டிப்போய் முன் இருக்கையில் இருத்தினேன். புதுச் சாரதி இளம் பெடியன். அவனிடம் பிறேக்கை மூன்று தரம் அமத்திக் காட்டச் சொன்னேன். முறைத்துப் பார்த்துவிட்டு அமத்திக் காட்டினான். மகள் என் கையைத் தொட்டு, "ஏனம்மா கை இப்பிடிக் குளிருது?" என்று கேட்டாள். மழைக் குளிர் என்றேன். அன்றைக்கு மழை இல்லை.

அந்தத் தாய் தரிப்பிடத்தில் மகளோடு நின்றாள். பஸ் நின்றதும் உடனே ஏற்றவில்லை. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தோளில் கைவைத்து மெல்ல முன்னுக்குத் தள்ளிவிட்டாள். நான் புத்தகப்பையை வாங்கினேன். பாரமாக இருந்தது. அவள் தரிப்பிடத்திலேயே நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை காட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன்.